கடைமடை வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நினைவும் நன்றாகவே இருக்கின்றன. முன்பெல்லாம் பெண்கள் சங்கத்தில் அவர்கள் செய்யாத வேலை கிடையாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார்கள். இப்போது எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. எங்கள் பாஸ்டர் ஐயர் பண்டிகைக்குப் பண்டிகை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்குப் பார்க்கவேண்டிய கிராமங்கள் பல.

என் தம்பி டவுனில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டான். "எங்கள் சபையில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அன்று சாயங்காலமே நாலு பேர் வீட்டில் நிற்பார்கள் அக்கா. உங்கள் சபையில் கட்டடம்தான் இருக்கிறது, அன்பு இல்லை" என்கிறான். தங்கள் ஆட்களை ஜெபிக்க அனுப்புவதாகவும் சொல்கிறான்.

இப்போது எங்கள் சபையில் 'கரிசனை ஊழியம்' என்று ஒரு குழு தொடங்குகிறார்கள். நோயாளிகளையும் விதவைகளையும் போய்ப் பார்ப்பதற்காம். என்னையும் சேரச் சொல்கிறார்கள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்குத்தான் இதெல்லாம் என்று தோன்றுகிறது. சேரட்டுமா, வேண்டாமா? தம்பிக்கு என்ன பதில் சொல்ல?

எஸ்.

(பெயரையும் ஊரையும் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள எஸ்.,

சேருங்கள். கோபத்தையும் கையோடு கொண்டுபோங்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்த ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொடுத்துவிட்டு வரும் குழுவாக அது ஆகிவிடும்.

தம்பி சொல்வதில் பாதி சரி. பழைய சபைகளிலிருந்து போனவர்கள் எல்லாரும் உபதேசத்தை அலசிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று நான் நம்பவில்லை. நான் பேசிப் பார்த்தவர்களில் பலர், கஷ்டகாலத்தில் யார் வீட்டுக்கு வந்தார்களோ அவர்கள் பின்னால் போனவர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது, கணவன் குடித்துவிட்டு அடித்தபோது, முன்பின் தெரியாத ஒரு அக்கா வந்து பாயில் உட்கார்ந்து கூட அழுதிருக்கிறார். அதை மறக்க முடியுமா? நம் சபைக் கமிட்டிகள் அவர்களை 'ஆடு திருடுகிறவர்கள்' என்று திட்டுவதோடு சரி. மற்ற பாதியையும் சொல்லவேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர், நோயாளி எழுந்து நடக்காவிட்டால் "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் சபையில் அன்பு இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கே உங்கள் தெருவில் ஒரு சாவு விழட்டும், பாருங்கள். கோயில் மணி அடிக்கும். பந்தலுக்கு ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு ஒருவர், காபிக்கு ஒருவர், ஞானப்பாட்டுக்குப் பாடகர் குழு என்று யாரும் சொல்லாமலே எல்லாம் நடந்துவிடும். அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். உங்கள் மாமியார் அப்படி நின்றவர்தானே. மூன்று வருடம் ஒருவர் படுக்கையில் கிடக்கிற வீட்டில் அடுத்தவருக்கு என்ன வேலை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. போய் என்ன பேசுவது என்று தெரியாமல் முதல் மாதம் தள்ளிப்போடுகிறோம். அப்புறம் இத்தனை நாள் போகவில்லையே என்ற கூச்சம் சேர்ந்துகொள்கிறது. கூச்சம் முற்றினால் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிடுகிறோம்.

நம் டெல்டா கிறிஸ்தவர்களுக்கு இது பழைய கதை. பெரிய ஆபத்து என்றால் நாம் அசந்துபோகும்படி வேலை செய்வோம். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோது கோட்டைக்குள் தானியம் இல்லை. விலை கைக்கு வரும் என்று விவசாயிகள் யாரும் சர்க்கார் வார்த்தையை நம்பவில்லை. தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்ற பிறகுதான் மாடுகளும் நெல்லும் வந்தன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், முன்பு மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கைப்பொருளை அள்ளிக் கொடுத்தார். அவர் கத்தோலிக்கர், அந்தக் கொடையைப் பாராட்டிக் கீர்த்தனை பாடியவர் சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அன்று எப்படித் திறந்து கிடந்தன என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டையையும் புரட்டிப்போட்டபோதும் லாரி லாரியாக அரிசி போனது. ஓடிவருவது நமக்குக் கைவந்த கலை. திரும்பத் திரும்ப வருவதுதான் வராது.

எருசலேமின் முதல் சபையே இதில் தடுமாறியிருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் "ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? யார் வீட்டு விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் ஆட்களின் கையிலேயே பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உங்களைக் குழுவில் சேரச் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இனிக் குழுவின் பட்டியல். இதில்தான் உங்களுக்குச் சண்டை வரப்போகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து எத்தனை நாள் ஆனாலும் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, எட்டவில்லை என்ற குரல் நம் ஊரில் வருடா வருடம் கேட்பதுதான். அக்கறையும் அந்த வாய்க்கால் போகிற வழியில்தான் போகும். கமிட்டி உறுப்பினரின் தகப்பனாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் முதல் நாளே பத்துப் பேர் போய்வந்துவிடுவார்கள். கோயிலுக்கு எதிரே வீடு என்றாலும் கவலையில்லை. பண்டிகைக்கு மட்டும் ஆராதனைக்கு வருகிற விதவை, கலப்பு மணம் செய்துகொண்டதால் சபைப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்ட குடும்பம், மகன் ஜெயிலில் இருக்கிற வீடு, இவையெல்லாம் கடைமடை. தண்ணீர் குறைவான வருடம் முறை வைத்துத்தான் விடுவார்கள். நீங்களும் முறை வையுங்கள், கடைசி வீட்டிலிருந்து தொடங்கி.

சாதியைப் பேசாமல் இந்தப் பட்டியலை எழுத முடியாது. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ச் சபையே கொந்தளித்தது. இன்றைக்கும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கத்தை விடமாட்டோம் என்ற பக்கம் நின்றார். 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷன் இந்த விஷயத்தில் நீக்குப்போக்காக இருந்தது. அதனால் ஆங்கிலிக்கன் சபைகளிலிருந்து பலர் லுத்தரன் பக்கம் வந்தார்கள். உங்கள் சபையின் வேரில் இதுவும் இருக்கிறது. இன்று தனித்தனி இருக்கை இல்லை, நற்கருணைப் பாத்திரமும் ஒன்றுதான். ஆனால் கரிசனைக் குழு எந்தத் தெருவுக்குப் போகிறது, போன வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறதா, "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்கிறதா என்று பாருங்கள். மாவட்டத்தில் எத்தனையோ சபைகளில் பாஸ்டர் எல்லாத் தெருவுக்கும் போவார், சபையார் போகமாட்டார்கள். வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போகட்டும், ஒவ்வொரு இரட்டையிலும் இரண்டு வெவ்வேறு தெருக்காரர்கள் இருக்கட்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். சத்தம் வரும். வரட்டும்.

இரட்டை என்று சொன்னதால் இன்னொன்று. பக்கத்துக் கத்தோலிக்கரிடம் கற்றுக்கொள்வதில் நமக்கு என்ன வெட்கம்? வின்சென்ட் தே பவுல் சபை என்று அவர்களிடம் ஒன்று இருக்கிறது. 1833-ல் பாரீஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. (அதே 1833 என்பது தற்செயல்தான்.) அதன் வழக்கம் எளிது. தவறாமல் கூடுவார்கள். ஏழை வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். போன வீட்டு விஷயத்தை வெளியே பேசமாட்டார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இருநூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டோ பற்றிய உங்கள் பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது: படுக்கையில் இருப்பவரை யாரும் படம் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் ஒருவருடைய நோயை ஆராதனையில் மைக்கில் வாசிப்பதற்கும் அவரைக் கேட்டு அனுமதி வாங்கவேண்டும். கர்ப்பப்பையில் கட்டி என்பதை ஊருக்கே அறிவித்த பிறகு அந்தப் பெண் எப்படிக் கோயிலுக்கு வருவாள்?

போகிறவர்கள் என்ன செய்யவேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நாள் ஒன்று, நேரம் ஒன்று. செவ்வாய்க்கிழமை நாலு மணி என்றால் எல்லாச் செவ்வாயும் நாலு மணி. படுத்திருப்பவருக்கு எதிர்பார்க்க ஒரு நாள் வேண்டும். சங்கீதம் ஒன்று, ஜெபம் இரண்டு நிமிடம், அதுவும் அவர் விரும்பினால். "எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு, ஆறு மாசம்தான்" போன்ற கதைகளை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரவேண்டும். வந்தவர்கள் இருக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் வெளியே போகவேண்டும். பேங்குக்கோ, கடைக்கோ, சும்மா பக்கத்து வீட்டுக்கோ. நோயாளியைவிட அதிகம் மறக்கப்படுகிறவர் நோயாளியைப் பார்க்கிறவர். பெரும்பாலும் மருமகள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் முதலில் எங்கே சிவக்கும் என்று பார்ப்பது, இவற்றைக் குழுவுக்கு ஒரு நர்ஸம்மாவை வைத்துக் கற்றுக்கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிவு செய்வதை ஒருவர் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். சர்க்கார் செய்வதைச் சபை திரும்பச் செய்யவேண்டாம், அதை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

பணத்துக்கும் வழி உண்டு. அந்தக் காலத்தில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பிடி அரிசி இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை ஒழியவில்லையே! ஒரு பரங்கிக்காயை வீம்புக்காக ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அந்த வீம்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வருட ஏலப் பணத்தில் ஒரு சக்கர நாற்காலி, இரண்டு வாக்கர், ஒரு கமோடு நாற்காலி, ஒரு காற்று மெத்தை வாங்கிக் கோயிலில் வைத்தால், தேவைப்படுகிற வீடு எடுத்துக்கொண்டு போய் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். எந்த மதத்து வீடானாலும்.

குழுவில் உங்கள் மாமியாரையும் சேர்க்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேச்சும் நினைவும் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். யார் வீட்டில் எந்தத் தேதியில் சாவு, யார் மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இடது கையில் ஒரு போனைக் கொடுங்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மற்றவர்களுக்குத் தினம் ஒருவராகப் பேசட்டும். பட்டியலில் விடுபட்ட பெயர்களையும் அவர்களே சொல்வார்கள்.

தம்பியோடு வாதாட வேண்டாம். அவருடைய சபையார் ஜெபிக்க வருகிறார்கள் என்றால் மாமியாரைக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் உள்ளே விடுங்கள், மாத்திரையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள்.