எந்த முறையில் பார்த்தார்கள்? மீள்தொடர் நோய்ப் பரிசோதனை: கேள்வி பதில்

டி.என்.ஏ.வில் சிறு எழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் பரம்பரை நோய்களை, அதாவது மீள்தொடர் நோய்களை, ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதே இன்றைய விடயம். கண்டியில் இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருந்து பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஹட்டன், ஆசிரியை: ஏழு வயது மகளுக்குப் படிப்பு ஏறவில்லை. ஃப்ரஜைல் எக்ஸ் (கற்றல் குறைபாடு தரும் பரம்பரை நோய்) பரிசோதனை அறிக்கையில் "ஒரே உச்சம், 30 மீள்தொடர், இயல்பு" என்று இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா ஐயா?

இன்னும் இல்லை, தங்கச்சி. பயப்படவும் வேண்டாம். உச்சம் என்பது, தொடரின் நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் எழும் மேடு. பெண் பிள்ளைக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, இந்த நோய்க்குரிய எஃப்.எம்.ஆர்.1 மரபணுவும் இரண்டு. இரண்டிலும் சி.ஜி.ஜி. என்ற எழுத்துத் தொடர் 30 தடவை இருந்தால் ஒரே உச்சம் தெரியும். அது பலருக்கும் அமைவதுதான். ஆனால் ஒன்றில் 30, மற்றதில் 600 என்றாலும் அதே ஒற்றை உச்சம்தான் தெரியும். ஏனெனில் சாதாரண பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) குட்டையான தொடரைப் பெருக்கிவிட்டு நீளமானதைத் தவறவிட்டுவிடும். சி, ஜி எழுத்துகள் நிறைந்த பகுதி இறுகி மடிந்துகொள்வதால் படியெடுக்கும் நொதி அதைக் கடக்கத் திணறுகிறது.

இதற்காகவே ட்ரிப்லெட் பிரைம்ட் பி.சி.ஆர். என்ற முறை இருக்கிறது. அதில் ஒரு தொடக்கி (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) தொடருக்கு வெளியே ஒட்டும். இன்னொன்று தொடருக்குள்ளேயே பல இடங்களில் ஒட்டும். நீண்ட தொடர் இருந்தால் சீப்பின் பற்கள்போல உச்சங்கள் வரிசையாகத் தாழ்ந்துகொண்டே போகும். மிக நீண்ட தொடரின் அளவையும் மெத்தைலேற்றத்தையும் (மரபணுவை அணைக்கும் வேதிக் குறி) அறிய, டி.என்.ஏ.வைப் பெருக்காமல் வெட்டிப் பார்க்கும் சதர்ன் ப்ளொட் முறை உதவும். அதற்கு டி.என்.ஏ. நிறைய வேண்டும், நாட்களும் பிடிக்கும். சி.ஜி.ஜி. எண்ணிக்கை 44 வரை இயல்பு, 45 முதல் 54 வரை இடைநிலை, 55 முதல் 200 வரை முன்நிலை (முழு நோய்நிலைக்கு முந்தியது), 200க்கு மேல் முழு நோய்நிலை.

ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த முறையில் பார்த்தீர்கள்?

பதுளை: தலசீமியாவுக்கும் இதே பரிசோதனையா?

இல்லை. தலசீமியா மீள்தொடர் நோய் அல்ல. முழு இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பரிசோதனையும்தான் முதலில் செய்வார்கள்.

மஸ்கெலியா: மனைவியின் தாய்க்கு ஹன்டிங்டன் நோய் (மூளையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் பரம்பரை நோய்). மனைவி நலமாக இருக்கிறாள், இன்னும் பரிசோதிக்கவில்லை. பன்னிரண்டு வயது மகனின் இரத்தத்தை அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம், தம்பி. அறிகுறி இல்லாத பிள்ளைக்கு, பதினெட்டு வயதுக்குமுன் இந்தப் பரிசோதனை செய்வதில்லை.

பதுளை, மற்றொருவர்: பெற்ற தகப்பன் கேட்கும்போது மறுக்க ஆய்வுகூடத்துக்கு என்ன உரிமை?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஹன்டிங்டன் நோய்க்குரிய எச்.டி.டி. மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேல் என்றால், வழக்கமான ஆயுட்காலத்துக்குள் நோய் வந்தே தீரும் என்று கொள்கிறோம். 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். வருவதைத் தடுக்கும் மருந்து இன்று இல்லை. அப்படியிருக்க, அந்த எண்ணைப் பிள்ளையின் தலையில் கட்டி என்ன பயன்? மகனுக்கு நீண்ட தொடர் என்று வந்தால், இந்தக் குடும்ப வரலாற்றில் அது தாயிடமிருந்து வந்தது என்றே கொள்ள வேண்டும். பரிசோதனை வேண்டும் என்று சொல்லாத தாயின் முடிவையும் அல்லவா அந்த ஒரு குழாய் இரத்தம் சொல்லிவிடும்! 1994ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்களும் உரிய வயதை அடைந்தவரின் சொந்த விருப்பத்தையே கேட்கின்றன.

நுவரெலியா, தாதி: உண்மைதான் ஐயா. லயத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் தோட்டம் முழுக்கத் தெரியும். பெண் கேட்டு வருபவர்களும் நின்றுவிடுவார்கள்.

பதுளை, மற்றொருவர்: அதற்காக மறைப்பதா?

மறைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அந்தப் பையன் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்கிறேன். மனைவி விரும்பினால், முதலில் மரபியல் ஆலோசனை, பிறகு இரத்தம். ஹட்டன் பிள்ளையின் நிலை வேறு: அவளுக்கு அறிகுறி இருக்கிறது, காரணம் தெரிந்தால் உதவி கிடைக்கும். அங்கே பரிசோதிப்பது அவசியம்.

தலவாக்கலை: மாமன் மகளைக் கட்டியதால்தான் இவை வருகின்றனவா?

ஹன்டிங்டனுக்கும், தசை நோயான மயோடோனிக் டிஸ்ட்ரோபிக்கும் அதனோடு சம்பந்தமில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். நடைத் தள்ளாட்டம் தரும் ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா இரு பக்கமிருந்தும் வர வேண்டும். அதில் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும்.

பண்டாரவளை: எக்ஸோம் பரிசோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்தது. இனி எதுவும் வேண்டாமா?

வேண்டும். எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளின் எழுத்துகளைச் சிறு துண்டுகளாக வாசிப்பது. நீண்ட மீள்தொடரை ஒரு துண்டு முழுதாகத் தாண்டாது. ஃப்ரஜைல் எக்ஸ் சந்தேகம் என்றால் சி.ஜி.ஜி. தொடரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், எந்த முறை என்று கேளுங்கள்.

வெலிமடை: தலசீமியாவுக்கு...

மேலே பதுளைக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

ஹட்டன், ஆசிரியை: மறுபடி இரத்தம் எடுப்பதானால் எந்தக் குழாய்?

ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாய். பச்சை மூடியில் இருக்கும் ஹெப்பரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். குழாயை உறையவைக்க வேண்டாம். பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே குழாயிலும் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். பழைய அறிக்கையின் பிரதியையும் கூடவே அனுப்புங்கள்.