நாலைந்து முறை படித்தும் மறந்துபோவது ஏன்?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அறிவியல் பாடத்தை அடிக்கோடிட்டு நாலைந்து முறை வாசிக்கிறாள். அன்றிரவு கேட்டால் தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். அடுத்த வாரத் தேர்விலோ பாதிகூட நினைவில் இருப்பதில்லை. இன்னும் அதிக நேரம் படிக்கச் சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நேரத்தைக் கூட்ட வேண்டாம், அம்மா, படிக்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுவதால், பாடமே தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. தேர்வறையிலோ, புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சி உங்கள் மகளுக்கு அதுவரை கிடைக்கவே இல்லை.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் தரப்பட்டன. ஒரு பிரிவினர் சராசரியாக 14 முறை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூன்று முறைக்குச் சற்றே அதிகமாக வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததைப் பார்க்காமல் மூன்று தடவை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவினர் 83 சதவீதமும் மற்றவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதுவே 40, 61 என்று தலைகீழாக மாறியது. அன்றிரவு ஒப்பிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதயம் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கவனமாக வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து இரத்தம் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது, மூவிதழ் வால்வு எங்கே இருக்கிறது என்று அவளே எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் வேறு நிற மையால் திருத்தட்டும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் தவறே மனதில் தங்கிவிடக்கூடும். மறுநாளும், மூன்று நான்கு நாள் கழித்தும், அடுத்த வாரமும் இதையே செய்யட்டும். இப்படி இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முதல் சில நாள்கள் "ஒன்றுமே ஞாபகம் வரவில்லை" என்று அவள் சலித்துக்கொள்வாள். யோசித்து எடுக்கும் அந்தச் சிரமத்தில்தான் நினைவு உறுதிப்படுகிறது. ஆகவே உடனே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பாடத்தை முடிப்பதற்கே நேரம் போதவில்லை. வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?
– பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போதும். போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள், போன மாதப் பாடத்திலிருந்து ஒன்று எனக் கரும்பலகையில் எழுதுங்கள். கை தூக்கும் மாணவரை மட்டும் கேட்டால் அவர் ஒருவருக்குத்தான் பயிற்சி. எல்லோரும் தாளில் எழுத வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள். விடைகளை உடனே சொல்லி அவரவர் தாளை அவரவரே திருத்தச் செய்தால், உங்களுக்குத் திருத்தும் சுமையும் கூடாது.