அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்கள் தம் வட்டாரத்தைத் தாண்டி விரிவடைய வேண்டுமா?

ஃபுட்பால் அணி மட்டும் எங்கு வேண்டுமானாலும் போய் ஆடிவிட்டு வரட்டும். அதன் பின்னாலேயே வாலிபால், சாஃப்ட்பால், டென்னிஸ், நீச்சல் என்று மற்ற எல்லா அணிகளையும் நாட்டின் மறுகோடிக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தால் அந்த விரிவாக்கம் கூடாது என்பதே என் கருத்து. கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான்.

இந்த விளையாட்டைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே ஃபுட்பால் என்பது கால்பந்து அல்ல; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம். கான்ஃபரன்ஸ் என்பது ஆண்டுதோறும் தமக்குள் மோதிக்கொள்வதற்காகப் பல்கலைக்கழகங்கள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு. ரயிலில் போய்வரும் தூரத்தில் இருந்தவர்களே தொடக்கத்தில் சேர்ந்தார்கள். 1896-இல் சிகாகோவைச் சுற்றியிருந்த 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய பிக் டென்னில் இன்று 18 உறுப்பினர்கள். கிழக்கே நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ், மேற்கே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகங்கள். இந்தக் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸில் 2024 முதல் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் தொலைக்காட்சிப் பணம். எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை ஒளிபரப்பாகலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே முடிவு செய்துவந்தது. அந்தப் பிடியை 1984-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு, ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலை மெல்ல மெல்லக் கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. பிக் டென் 2007-இல் சொந்தமாக ஒரு சேனலைத் தொடங்கியதும் கணக்கு இன்னொரு விதமாக மாறியது. உறுப்பினர் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதியில் ஒவ்வொரு கேபிள் இணைப்புக்கும் கூடுதல் கட்டணம் வாங்க முடிந்ததால், வாஷிங்டன், நியூயார்க் ஆகிய பெருநகரங்களின் வீடுகளை மனத்தில் வைத்தே மேரிலாந்தையும் ரட்கர்ஸையும் 2014-இல் சேர்த்துக்கொண்டார்கள். கேபிள் இணைப்புகள் குறையத் தொடங்கிய பின், எத்தனை வீடுகள் என்பதைவிட எந்த ஆட்டத்தை நாடு முழுவதும் பார்ப்பார்கள் என்பதே விலையை நிர்ணயிக்கிறது. ஆகவே, புதிய வட்டாரத்தில் கால் பதித்தால் அந்த வட்டாரத்தின் வீடுகள் கிடைக்கும் என்ற பழைய வாதம் இன்று பாதி வலுவிழந்துவிட்டது.

விரிவாக்கத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் மற்ற அணிகள் நடக்கின்றன. அந்தப் பணம் குறைந்தால் முதலில் கைவைக்கப்படுவது நீச்சல் அணியிலோ டென்னிஸ் அணியிலோதான். 2012-இல் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ் டெக்சஸ் ஏ அண்ட் எம்மைச் சேர்த்தது எனக்கு நல்ல விரிவாக்கமாகவே படுகிறது. பக்கத்து மாநிலங்களான லூசியானாவும் அர்கன்சாவும் ஏற்கெனவே உள்ளே இருந்தன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு 1894 முதல் இருந்துவந்த பகை ஆட்டம் அந்த மாற்றத்தால் நின்றுபோனது உண்மைதான். ஆனால் 2024-இல் டெக்சஸும் அதே கான்ஃபரன்ஸுக்கு வந்து சேர்ந்ததும் அது மீண்டும் தொடங்கியது. அடுத்த ஊருக்கு எல்லையை நீட்டுவதும், நடுவிலுள்ள பத்து மாநிலங்களைத் தாண்டிப் போய் ஒரு பெரிய பெயரைப் பிடித்து வருவதும் ஒன்றல்ல.

அந்த வேறுபாட்டை என் வகுப்பறையிலேயே பார்த்துவருகிறேன். மேற்குக் கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். பருவத் தொடக்கத்தில் விளையாட்டு வீரர்கள் ஆளுக்கொரு பயணக் கடிதம் கொண்டுவருவார்கள்; எந்தெந்த நாள் வகுப்புக்கு வர இயலாது என்ற பட்டியல் அது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஒரு நாளோடு அது முடிந்துவிடும். இப்போது ஒரு வாலிபால் மாணவியின் கடிதத்தில் புதன் மாலை புறப்பாடு, சிகாகோவில் விமானம் மாறுதல், பென்சில்வேனியாவில் ஓர் ஆட்டம், நியூ ஜெர்சியில் ஓர் ஆட்டம், ஞாயிறு நள்ளிரவில் வீடு திரும்புதல் என்று இருக்கிறது. இடைத்தேர்வை அணியோடு செல்லும் கல்வி ஆலோசகர் ஒருவர் ஹோட்டல் அறையில் கண்காணித்து எழுதவைக்கிறார். மூன்று மணி நேர வித்தியாசத்தில் உடல் இன்னும் பழைய ஊரின் விடியற்காலையில் இருக்கும்போதே அவள் அதை எழுத வேண்டியிருக்கிறது. திங்கள் காலை முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கண்களைத் திறந்துவைத்துக்கொள்ளப் படாத பாடு படுகிறாள். அவளுடைய விளையாட்டுக்குப் பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஃபுட்பால் அணியோ பருவம் முழுவதும் ஆடுவது 12 ஆட்டங்கள். வாரத்துக்கு ஒன்று, ஏறத்தாழ பாதி சொந்த மைதானத்தில், வெளியூர் என்றால் தனி விமானத்தில். தூரத்தை எளிதாகத் தாங்கக்கூடிய அணிக்காகத் தாங்க முடியாத அணிகள் எல்லாம் பயணம் செய்கின்றன.

எல்லாருக்கும் முழுப் பணம் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 30-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளை நடத்தும் ஸ்டான்ஃபோர்டு, தொடக்க ஆண்டுகளில் ஏ.சி.சி.யின் தொலைக்காட்சி வருவாயில் ஏறத்தாழ 30 சதவீதப் பங்குக்கே ஒப்புக்கொண்டு சேர்ந்தது. டாலஸ் நகரத்தின் எஸ்.எம்.யூ. 9 ஆண்டுகளுக்கு அந்த வருவாயே வேண்டாம் என்று சொல்லி உள்ளே வந்தது. வெளியே நின்றுவிடுவோமோ என்ற அச்சம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அளவுக்கு மீறி விரிந்தால் என்னவாகும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. மேற்கத்திய தடகளக் கான்ஃபரன்ஸ் 1996-இல் 10 உறுப்பினர்களிலிருந்து 16-க்குத் தாவியது. ஹவாய் தீவுகளிலிருந்து ஒக்லஹோமாவின் டல்சா வரை பரப்பு. நான்கு நான்காகப் பிரித்து, குழுக்களைச் சுழற்சி முறையில் மாற்றிப் பார்த்தார்கள். பயணச் செலவு கூடியது, பங்குபோடும் பணம் சிதறியது, பழைய பகையாளிகள் ஆண்டுதோறும் சந்திக்க முடியாமல் போனது. 1998-இல் 8 பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே மவுண்டன் வெஸ்ட் என்ற புதிய கான்ஃபரன்ஸில் ஆடத் தொடங்கின.

விட்டுச்செல்லப்பட்டவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1915-இல் பசிபிக் கரைக் கான்ஃபரன்ஸாக வேர்விட்ட பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து பத்துப் பேர் வெளியேறிய பிறகு, 2024-இல் எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள சிறு ஊர். அங்கே ஹோட்டல்களும் உணவகங்களும் அந்தச் சில சனிக்கிழமைகளை நம்பி ஆண்டுக் கணக்கைப் போடுபவை. சியாட்டிலிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ எடுத்த முடிவில் அந்த ஊருக்கு ஓட்டு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் வழியைக் காட்டியதும் அந்த இருவர்தான். 2024-இல் ஃபுட்பாலுக்கு மவுண்டன் வெஸ்ட் அணிகளோடு ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டு, மற்ற விளையாட்டுகளில் பலவற்றை மேற்குக் கரையிலேயே உள்ள வேறொரு கான்ஃபரன்ஸில் வைத்தார்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது: ஃபுட்பால் தனித்து, ஐஸ் ஹாக்கி பிக் டென்னில், மற்றவை பெரும்பாலும் ஏ.சி.சி.யில். ஆகவே ஃபுட்பாலைத் தனியாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. சேர்ந்தால் எல்லா விளையாட்டுகளோடும் சேர வேண்டும் என்ற கான்ஃபரன்ஸ் விதியும், தொலைக்காட்சிக்கு விலைபோகும் கூடைப்பந்தை விட்டுக்கொடுக்க மனமில்லாததுமே தடைகள். கூடைப்பந்து வேண்டுமானால் ஃபுட்பாலோடு போகட்டும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களோடு ஆடட்டும். பிக் டென்னின் தற்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029–30 பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேச உட்காரும்போது பல்கலைக்கழகத் தலைவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். அது கிடைக்காதவரை, பக்கத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத புதிய வட்டாரத்துக்குப் போகும் எந்தத் தீர்மானத்துக்கும் அவர்கள் வாக்களிக்கக் கூடாது.