ஸ்குவிட் காந்த உணரியைக் களத்தில் குளிர வைக்க ஏன் இன்னமும் திரவ நைட்ரஜன்? கம்ப்ரசர் கூலர் போதாதா?

ஸ்குவிட் என்பது மீக்கடத்தியால், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளால், செய்த காந்த உணரி. நிலத்தடித் தாதுவைத் தேட அதைக் களத்துக்குக் கொண்டுபோகிறோம். கூலர் குளிர வைத்துவிடும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் அது போடும் காந்த இரைச்சலில் இருக்கிறது. திரவ நைட்ரஜனோடு தினமும் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பூமியின் காந்தப்புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா. அதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கான மாற்றத்தைக்கூட ஸ்குவிட் பிடித்துவிடும். அதன் பக்கத்தில் மோட்டாரும் வால்வும் ஓடினால் என்ன ஆகும்? அதிர்வு இன்னும் மோசம். பூமியின் புலத்துக்குள் உணரி இம்மி சாய்ந்தாலும் அதுவே பெரிய சிக்னலாகப் பதிவாகும். திரவத்தில் ஓடும் பாகமே கிடையாது, மின்சாரமும் வேண்டாம். 4 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை இறக்கும் கூலருக்கோ கிலோவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். காட்டுக்குள் அதற்கு ஜெனரேட்டரையும் சுமக்க வேண்டிவரும்.

சரி, எந்தத் திரவம்? நியோபியம் என்ற உலோகம் 9.2 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தியாகும், அதனால் 4.2 கெல்வினில் கொதிக்கும் ஹீலியம் வேண்டும். 1987இல் வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்திக்கு 77 கெல்வின் நைட்ரஜனே போதும். திரவம் இருக்கும் குடுவைக்குள் 1 வாட் வெப்பம் கசிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் ஹீலியம் ஆவியாகிவிடும். அதே கசிவில் நைட்ரஜன் போவது 22 மில்லிலிட்டர்தான். நியோபியம் உணரிக்கு இரைச்சல் குறைவு என்பது உண்மை. ஜெர்மனியின் ஜெனா நகரக் குழுவினர் ஹீலியத்தோடு களத்துக்குப் போயும் காட்டினார்கள். ஆனாலும் ஊர் ஊராகச் சுற்றும் வேலைக்கு என் ஓட்டு நைட்ரஜனுக்குத்தான். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய லேண்ட்டெம் கருவி அப்படித்தான் நிக்கல் தாது தேடப் போகிறது.

குடுவையையும் கவனிக்க வேண்டும். தரையில் விரித்த கம்பிச் சுற்றில் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, பூமிக்குள் எழும் சுழல் மின்னோட்டம் தேய்வதைத்தான் அளக்கிறோம். குடுவை உலோகமாக இருந்தால் அதற்குள்ளும் அதே மின்னோட்டம் எழுந்து தாதுவின் சிக்னலை மூடிவிடும். அதனால் கண்ணாடியிழைக் குடுவை. இரு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். வெப்பத்தைத் தடுக்கச் சுற்றும் அலுமினியம் பூசிய மைலார் பிளாஸ்டிக் தாளையும் அளவோடுதான் வைப்பார்கள், அந்த மெல்லிய பூச்சுகூடக் கொஞ்சம் இரைச்சல் தரும்.

குளிரும்போது உணரிக்குள் காந்தப் பாயம், அதாவது சுற்றியுள்ள காந்தப்புலத்தின் ஒரு பகுதி, மாட்டிக்கொள்வதும் உண்டு. சின்ன ஹீட்டரால் உணரியை மட்டும் ஒரு கணம் சூடாக்கி, மீக்கடத்தும் நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, மறுபடி குளிர விட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், குடுவையை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள். 1 லிட்டர் நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். காற்றின் ஈரம் கழுத்தில் பனிக்கட்டியாகி வழியை அடைத்தாலே குடுவை வெடிக்கலாம். ஆட்கள் உட்காரும் மூடிய காருக்குள் வைத்து ஓட்டவும் வேண்டாம். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, ஆக்சிஜன் குறைவதை உணரும் முன்பே மயங்கிவிடுவோம். பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியில், சாயாமல் கட்டி வைத்துக் கொண்டுபோங்கள்.