ஏஐ வேலைக்குத் தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்பது எப்படி: கேள்வி பதில்

சில வருடம் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், அப்புறம் கொடுப்பவர்கள் பக்கம் உட்கார்ந்து அதே மாதிரி விண்ணப்பங்களைப் படித்துத் தள்ளினேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஏஐக்கு நிதி கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார் கொடுக்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது?

மூன்று வகை. டெக் கம்பெனிகளின் கொடைப் பிரிவுகள், கேட்ஸ், ராக்பெல்லர், மெக்கவர்ன் மாதிரி அறக்கட்டளைகள், அப்புறம் அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்புகள் (ஜெர்மனியின் ஜிஐஇசட், கனடாவின் ஐடிஆர்சி). எல்லோரும் முதலில் ஓடுவது பெரிய பெயர்களிடம்தான். கூகுளின் கொடைப் பிரிவான கூகுள் டாட் ஆர்க் 2018இல் 2.5 கோடி டாலரில் ஒரு ஏஐ போட்டி அறிவித்தது. 119 நாடுகளிலிருந்து 2,602 விண்ணப்பம் வந்தது, 2019இல் தேர்வானவை 20. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2023இல், பெரிய மொழி மாடல்களை (சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பது மாதிரி) வைத்து ஏழை நாடுகளின் பிரச்சினைகளைத் தொடும் திட்டங்களுக்கு ஆளுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் டாலர் என்று அழைப்பு விட்டது. 1,300க்கு மேல் வந்தன, கிட்டத்தட்ட 50 பேருக்குக் கிடைத்தது. தொகை சின்னதுதான், ஆனால் வாய்ப்பு நாலைந்து மடங்கு. முதல் தடவை கேட்பவர் இரண்டாவது மாதிரி கதவைத் தட்டுவது நல்லது என்பேன்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது ஏஐ இல்லை, நல்ல தரவுதான் என்றால் அதற்கும் நிதி உண்டு. 2020இல் ஆரம்பித்த லகூனா ஃபண்ட், நடுத்தர, ஏழை நாடுகளில் விவசாயம், சுகாதாரம், மொழி மாதிரி துறைகளில் தரவுத் தொகுப்பு உருவாக்கவே பணம் கொடுத்தது. இந்தப் பக்கம் யாரும் யோசிப்பதே இல்லை.

யுனிசெஃப் வென்ச்சர் ஃபண்ட் பற்றிச் சொல்லுங்கள். நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை.

உங்களுக்கு இல்லை. அது கம்பெனியாகப் பதிவான ஸ்டார்ட்அப்களுக்கு, பங்கு எதுவும் எடுக்காமல் ஒரு லட்சம் டாலர் வரை கொடுப்பது; செய்வதை ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிடவும் வேண்டும். தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

உண்மையைச் சொன்னால் எங்கள் வேலைக்கு ஏஐ தேவையில்லை. ஆனால் ஏஐ என்று எழுதினால்தான் பணம் வருகிறது. சேர்த்துவிடலாமா?

வேண்டாம். படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும், தெரியாமல் போனால் இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு வருடம் அதைச் செய்து காட்ட வேண்டியது நீங்கள்.

தேவைப்பட்ட இடம் எப்படி இருக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைப் பாருங்கள். 2020இல் கொரோனா வந்தபோது யார் ஏழை என்று சொல்லும் முழுமையான, புதிய பட்டியல் அந்த அரசிடம் இல்லை. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனமும் ஆய்வாளர்களும் அரசோடு சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களையும் போன் பயன்பாட்டுத் தரவையும் மெஷின் லேர்னிங்கில் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் போனிலேயே பணம் அனுப்பினார்கள். எனக்கு இதில் பிடித்தது, அப்புறம் 2022இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின் நேர்மை. ஊர் பார்த்துக் கொடுக்கும் முறையைவிட, உதவி சேர வேண்டியவர் விடுபட்டுப்போகும் பிழை 4 முதல் 21 சதவீதம் குறைந்தது என்று சொன்னார்கள். முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தால் அதைவிட இந்த முறையில் அந்தப் பிழை 9 முதல் 35 சதவீதம் கூடியிருக்கும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். உங்கள் விண்ணப்பத்தில் இந்த மாதிரி ஒரு பத்தி இருக்கட்டும்: ஏஐ இல்லாமல் இன்று என்ன செய்கிறோம், ஏஐ அதைவிட எவ்வளவு மேல், எங்கே அதைவிடக் கீழ். நான் படித்தவற்றில் இதை எழுதியவர்கள் மிகக் குறைவு, எழுதியவர்களை மறக்கவும் இல்லை.

பட்ஜெட்டில் என்னென்ன போடணும்? டெவலப்பர் சம்பளம், சர்வர், அவ்வளவுதானே?

இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள். உருவாக்கும் செலவை மட்டும் எழுதுகிறீர்கள், கொடுப்பவரும் அதற்கு மட்டும் தருகிறார், வண்டி வாங்கித் தந்துவிட்டுப் பெட்ரோலைப் பற்றி இருவருமே பேசாத மாதிரி.

சாதாரண ஆப் என்றால் பயனாளர் கூடக்கூட ஆளுக்கான செலவு இறங்கும். மொழி மாடலை வெளியிலிருந்து வாங்கி ஓட்டினால் ஒவ்வொரு கேள்விக்கும் டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சின்னத் துண்டு) கணக்கில் காசு போகும். நீங்கள் ஜெயித்தால் பில்லும் ஏறும். அதிலும் ஆங்கிலத்தில் எழுதுவதையே தமிழிலோ இன்னும் பல மொழிகளிலோ எழுதினால் டோக்கன் அதிகமாகும், ஆகவே ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்புறம் மாடல் சொன்ன பதில்களை எடுத்துப் பார்த்துச் சரி, தப்பு என்று குறிக்கும் ஆள் வேண்டும், அவர் உங்கள் துறை தெரிந்தவராக இருக்க வேண்டும், நர்ஸோ வேளாண் அலுவலரோ, அவருக்குச் சம்பளம் வேண்டும். மாடலை வழங்குபவர் பழைய பதிப்பை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும், அதற்கும் நேரமும் பணமும். பலன் இருந்ததா என்று அளக்கத் தனியாக ஒரு தொகை.

நிர்வாகச் செலவைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்க அரசு மானியங்களிலேயே, தனி விகிதம் பேசி வைக்காத அமைப்புகளுக்கான வரம்பை 2024 அக்டோபரிலிருந்து 10இலிருந்து 15 சதவீதமாக ஏற்றினார்கள். நீங்கள் ஏன் 5 என்று எழுதி உங்களையே குறைத்துக்கொள்கிறீர்கள்?

கிளவுட் கிரெடிட் தருகிறார்கள். அதையும் நிதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கிரெடிட் என்பது அந்தக் கம்பெனியின் சர்வரை இலவசமாகப் பயன்படுத்தும் கணக்குதான். அதில் சம்பளம் கொடுக்க முடியாது, அது காலாவதியும் ஆகும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது தீரும் மாதத்தில் பில் எவ்வளவு வரும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். தொழில்நுட்பம் தெரிந்த ஆள் உதவிக்குக் கிடைத்தால் அது வேறு கதை. 2024இல் கூகுள் டாட் ஆர்க் ஜெனரேட்டிவ் ஏஐ திட்டம் ஒன்றில் 21 தொண்டு நிறுவனங்களை எடுத்தபோது, 2 கோடி டாலரோடு ஆறு மாதப் பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தது. சின்ன அமைப்புக்குப் பணத்தைவிட அந்த உதவி பெரிதாக இருக்கலாம்.

நாங்கள் மனநல ஹெல்ப்லைன் நடத்துகிறோம். கொடையாளர் ஒருவர் சாட்பாட் போட்டால் நிதி தருவேன் என்கிறார். பயமாக இருக்கிறது மேடம்.

பயம் நியாயமானது. அமெரிக்காவில் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கான தேசிய சங்கம் (நீடா) 2023இல் தன் ஹெல்ப்லைனை மூட முடிவெடுத்தது, டெஸ்ஸா என்ற சாட்பாட் தொடர்ந்தது. உணவோடு போராடுகிறவர்களிடம் போய் அது கலோரி எண்ணச் சொன்னது, எடை குறைக்க வழி சொன்னது. உடனே நிறுத்த வேண்டியதாயிற்று. எழுதி வைத்த பதில்களை மட்டும் சொல்லும்படி உருவான பாட் அது, வழங்கிய கம்பெனி பிற்பாடு, பதிலைத் தானே உருவாக்கும் ஜெனரேட்டிவ் ஏஐயைச் சேர்த்திருந்தது.

தரவு விஷயமும் உண்டு. நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியில் உதவும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன், பெயர் நீக்கிய உரையாடல் தரவைத் தன்னிலிருந்து பிரிந்த லாப நோக்குள்ள கம்பெனியோடு பகிர்ந்தது 2022 ஜனவரியில் செய்தியானது. சில நாளில் அதை நிறுத்தினார்கள். நெருக்கடியில் எழுதியவர் இதற்கா சம்மதித்தார் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆகவே கொடையாளரிடம் வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வரிசையில் யாருக்கு அவசரம் என்று தன்னார்வலருக்குக் காட்டித் தரும் ஏஐ, அல்லது புதிய தன்னார்வலர் பழகிப் பார்க்க ஒரு பயிற்சிக் கருவி. அழைப்பவரிடம் பேசுவது மனிதர்தான். அதற்கும் மாட்டேன் என்றால் அந்தப் பணம் இல்லாமலே இருந்துவிடலாம்.

டெக் கம்பெனியின் பணத்தை வாங்குவது சரியா?

வாங்கலாம் என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள், தரவு யாருடையது, வேறு கம்பெனியின் மாடலுக்கு மாறினால் நிதி நிற்குமா.

பைலட் (சோதனைத் திட்டம்) நன்றாக முடிந்தது. கொடுத்தவர் ‘அருமை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது என்ன செய்வது?

இது நிறைய பேருக்கு நடக்கிறது. பைலட்டுக்குக் கொடுப்பவரும் ஓட்டுவதற்குக் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவர் இல்லை. ஆகவே முதல் நிதி கையில் இருக்கும்போதே, முடியப் போகும் மூன்று மாதத்தில் இல்லை, பாதி வழியில், இரண்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். அரசுத் துறை எடுத்து நடத்தும் என்று விண்ணப்பத்தில் எழுதுவது எளிது. அந்தத் துறையின் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் இது வரும் என்று கேட்டு வைத்திருக்கிறீர்களா? ஒரே கொடையாளரை நம்புவதும் ஆபத்து. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடியபோது, பல நாடுகளில் நன்றாக நடந்துகொண்டிருந்த திட்டங்களும் பாதியில் நின்றன.

உடனடியாகச் செய்யக்கூடியது: ஒரு பயனாளருக்கு மாதம் என்ன செலவு என்ற எண்ணைக் கண்டுபிடியுங்கள், பெரிய மாடலுக்குப் பதில் சின்ன ஓப்பன் மாடல் போதுமா என்று சோதியுங்கள். கென்யாவில் ஜகராண்டா ஹெல்த், கர்ப்பிணிகளுக்கான எஸ்எம்எஸ் சேவை நடத்துகிறவர்கள், மெட்டா வெளியிட்ட திறந்த லாமா மாடலை எடுத்து சுவாஹிலிக்கு உலிசாலாமா என்று ஒன்றைத் தயார் செய்தார்கள். அந்தத் திசையில் போனால் அடுத்த கொடையாளரிடம் கேட்கும் தொகையும் சின்னதாகும்.

கடைசியாக ஒன்று, விண்ணப்பத்தையே சாட்ஜிபிடியில் எழுதலாமா அக்கா?

மொழி திருத்த வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக எழுத விட்டால், அதே வாரம் வந்த இன்னும் நாற்பது விண்ணப்பத்திலும் இருக்கும் அதே முதல் வரி உங்களுடையதிலும் இருக்கும், படிக்கிறவர் பெருமூச்சு விட்டுவிட்டு நேரே பட்ஜெட் பக்கத்துக்குப் போவார்.