கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் வாசலில் முப்பது வருடத்துப் பெருங்கொன்றை நிற்கிறது. அதன் வேர் நடைபாதையின் பேவர் பிளாக்கைத் தூக்கிவிட்டது, ஒரு இடத்தில் நாலு அங்குல மேடு. போன மாதம் என் மாமியார் அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார். வேரை வெட்டி மேலே காங்கிரீட் போட்டால் ஒரே நாள் வேலை என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: மாமியாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வெட்ட வேண்டாம்.

ஒரு கயிற்றை எடுத்து அடிமரத்தை நெஞ்சுயரத்தில் சுற்றி அளந்து மூன்றால் வகுங்கள், ஏறக்குறைய அதுதான் விட்டம். சுற்றளவு ஆறடி என்றால் விட்டம் இரண்டடி. அந்த விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது ஆறடிக்குள், இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த வேரில் கை வைக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு; ஐந்து மடங்கு விட்டால் இன்னும் நல்லது. நம் தெரு நடைபாதையே நாலைந்து அடிதான், ஆக உங்கள் வாசலில் வெட்டக்கூடிய வேர் என்று எதுவும் தேறாது. பந்தலுக்குக் கயிறு மாதிரி மரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துவது அந்தப் பக்கவேர்கள்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வேர்தான் மரத்தைச் சாயாமல் பிடிக்கும், வீட்டுப் பக்கம் அறுத்துவிட்டால் அடுத்த புயலில் மரம் தெருவில் கிடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்து போனபின் சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் மரம் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவிலும் ஒரு மரம் இருந்தது. வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்த ஒப்பந்தக்காரர் ஜேசிபியால் ஒரு பக்க வேரை முழுக்கப் பிய்த்துவிட்டார், இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை, நாங்களும் மறந்துவிட்டோம், அப்புறம் பெரிய காற்றே இல்லாத ஒரு மழை ராத்திரியில் நின்றிருந்த ஆட்டோ மேல் சாய்ந்தது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை.

வேர் ஏன் மேலே வருகிறது என்று தெரிந்தால் வைத்தியமும் தெரிந்துவிடும். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணிலேயே பரவுபவை, காற்றும் ஈரமும் அங்கேதான் இருக்கிறது. நாமோ ரோலர் ஓட்டி மண்ணைக் கல்லாக்கிவிட்டு மேலே மூடுகிறோம். மூடிய கல்லுக்கு அடியில் மட்டும் மெல்லிய இடைவெளி ஒன்று மிஞ்சுகிறது, ராத்திரியில் கல் குளிரும்போது அங்கே ஈரமும் படிகிறது. நூல் மாதிரி இருக்கும் வேர்நுனி அந்தச் சந்தில் நுழையும்போது எதையும் தூக்குவதில்லை. வருடா வருடம் பருத்துத்தான் தூக்குகிறது. இன்றைக்கு வெட்டிக் காங்கிரீட் போட்டாலும் மரம் உயிரோடிருந்தால் வெட்டின இடத்திலிருந்து புது வேர் அதே சந்துக்குத்தான் வரும். சில வருடத்தில் காங்கிரீட் வெடிக்கும், பேவர் பிளாக்கையாவது கழற்றி மாட்டலாம், அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? மேட்டுப் பகுதியின் பிளாக்குகளைக் கழற்றுங்கள். கையால் மண்ணை விலக்குங்கள், கடப்பாரை வேண்டாம். வேருக்கு மேலும் பக்கத்திலும் மணல் கலக்காத முக்கால் இஞ்ச் ஜல்லியைப் பரப்பி அதன்மேல் பிளாக்கைத் திரும்ப அடுக்குங்கள். ஜல்லிக்கு நடுவே வெறும் காற்றுதான், ஈரம் தங்காது, அதனால் வேர் அதற்குள் பருக்க அவ்வளவு ஆசைப்படாது. மேடு அப்படியே இருக்கட்டும், ஆனால் திடீரென்று நிற்கும் விளிம்பாக இல்லாமல் ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்று சரிவு கொடுங்கள். உங்கள் நாலு அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அடி. சக்கர நாற்காலிக்கும் இதே சரிவுதான். குறுக்கே சாய்வு தெருப் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உங்கள் கேட்டுக்குள் வந்து என்னைத் திட்டுவீர்கள். மரத்தடியை மூடவே வேண்டாம். தில்லி மரங்கள் பற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் காங்கிரீட் கூடாது என்று 2013-லேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மீட்டரில் நடைபாதையே போய்விடுமே என்றால் அந்த இடத்தில் பாதை கொஞ்சம் வளைந்து போகட்டும், ஒரு பைக் நிறுத்தும் இடம் குறையும், அவ்வளவுதான்.

முக்கியமான ஒன்று: நடைபாதை உங்களுடையது இல்லை, மரமும் இல்லை. இரண்டும் மாநகராட்சியுடையது. 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், மேட்டின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து வார்டு உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். ‘மரத்தால் தொந்தரவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், ரம்பத்தோடு வந்துவிடுவார்கள். ‘வேரை வெட்டாமல் பிளாக்கை மாற்றி அடுக்க வேண்டும்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: நடைபாதையை உடைக்காத மரம் எது? வாசலில் இடம் மூன்றடிதான்.
— வாசகர், திருச்சி

பதில்: தென்னை, கமுகு! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பனை இனத்து வேர்கள் பென்சில் தடிமனில் நின்றுவிடும், மற்ற மரங்களைப் போலப் பருக்காது. தென்னை வைத்தால் தலையில் தேங்காய் விழும், அது வேறு பிரச்சினை. நிழல் வேண்டுமென்றால் மூன்றடிக்குச் சரியாக வருவது மந்தாரை, பன்னீர் மாதிரி சின்ன மரங்கள்தான். அரசு, ஆல், அத்தி, தூங்குமூஞ்சி நான்கையும் அங்கே நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேம்பின் வேர் எங்கள் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டது. வேரில் ஆசிட் ஊற்றலாமா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. ஆசிட் மண்ணையும் குழாயின் சிமென்ட் பூச்சையும் சேர்த்தே அரிக்கும். கசியாத குழாயை வேர் தேடி வந்து உடைப்பது அபூர்வம், பழைய மண்குழாயின் இணைப்பில் கசிவு இருந்திருக்கும், அந்த ஈரத்துக்கு வந்து நுழைந்திருக்கும். அந்தப் பகுதியைத் தோண்டி, இணைப்பு குறைவாக வரும்படி நீள பிவிசி குழாயாக மாற்றி, நன்றாக ஒட்டச் சொல்லுங்கள். குழாய்க்குள் புகுந்த வேரை மட்டும் ரம்பத்தால் சுத்தமாக அறுத்தால் போதும், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு.