கால்பந்தில் கண்டங்களின் சாம்பியன் கிளப்புகள் மோதும் கிளப் உலகக் கோப்பையை ஐரோப்பிய ரசிகர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தென் அமெரிக்கர்கள் மட்டும் ஏன் அதற்கு உயிரைக் கொடுக்கிறார்கள்?

ஆட்டக்காரர்களை விற்கிற தென் அமெரிக்க கிளப்பும் வாங்குகிற ஐரோப்பிய கிளப்பும் ஒரே மைதானத்தில் நேருக்கு நேர் நிற்கிற இடம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். விற்றவனுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு பாக்கி இருக்கிறது. வாங்கியவனுக்கு என்ன பாக்கி?

2006 இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யோகோஹாமாவில் பார்சிலோனாவும் பிரேசிலின் இன்டர்நேசியோனலும் மோதின. பார்சிலோனா அதற்கு முந்தைய ஆட்டத்தில் மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவை 4-0 என்று துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. அந்த அணியின் நாயகன் ரொனால்டினியோ. அவர் பிறந்தது போர்ட்டோ அலெக்ரே நகரம், வளர்ந்தது அங்கே உள்ள கிரேமியோ கிளப். அதே ஊரில் கிரேமியோவின் பரம எதிரிதான் இன்டர்நேசியோனல்! அதாவது பக்கத்துத் தெருப் பையன் உலகப் புகழோடு எதிரணியில் நிற்கிறான். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இன்டர்நேசியோனல் கேப்டன் பெர்னாண்டாவோ வெளியேற, அட்ரியானோ கபிரு என்ற மாற்று ஆட்டக்காரர் உள்ளே வருகிறார். சொந்த ரசிகர்களிடமே நல்ல பெயர் இல்லாதவர். 82-வது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் இயார்லே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, தடுப்பாளர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டு இடது பக்கம் தள்ளுகிறார். கபிரு அடித்த பந்து பார்சிலோனா கோல்கீப்பர் வால்டெஸ் கையில் பட்டும் உள்ளே போகிறது. 1-0. அந்த ஒரு கோல் போதும், கபிரு பெயரை அந்த ஊர்க்காரர்கள் இனி மறக்கப் போவதில்லை.

பார்சிலோனா ரசிகர் யாரிடமாவது அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஆமா, தோத்தோம்ல?" என்பார். அவ்வளவுதான்.

ஆனால் ஆரம்பத்தில் இந்தப் போட்டி இப்படி ஒருபக்கக் காதலாக இல்லை. 1960-ல் ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை, இதன் முன்னோடி, தொடங்கியது. முதல் ஆண்டு உருகுவேயின் பெனரோல், மொண்டேவீடியோவில் ரியல் மாட்ரிடை 0-0 என்று நிறுத்தியது. மாட்ரிடில் 5-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே போர்ச்சுகலின் பென்ஃபிகாவை வென்று கோப்பையை எடுத்தது. 1962-ல் பிரேசிலின் சாண்டோஸ் லிஸ்பனுக்கே போய் பென்ஃபிகாவை 5-2 என்று வென்றது. பெலே மட்டும் மூன்று கோல். அந்தக் காலத்தில் சாண்டோஸ் பெலேவை விற்க வேண்டிய அவசியமே இல்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பிரேசில் கிளப்பிலேயே ஆடிக்கொண்டிருந்தார் என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கஷ்டமாக இருக்கிறது.

ஐரோப்பியர்களுக்குக் கசந்துபோனது அறுபதுகளின் கடைசியில். 1969-ல் அர்ஜென்டினாவின் எஸ்டுடியாண்டஸும் இத்தாலியின் ஏசி மிலனும் மோதியதில் கால்பந்தைவிட அடிதடிதான் அதிகம். மிலனின் நெஸ்டர் கோம்பின் மூக்கு உடைந்து, சட்டை முழுக்க ரத்தத்தோடு வெளியேறினார். கொடுமை என்னவென்றால், அவர் பிறந்ததே அர்ஜென்டினாவில்தான். ஐரோப்பாவுக்குப் போய் பிரான்ஸ் அணிக்கு ஆடியவர். மூக்கு உடைந்த மனிதரை, ராணுவப் பணிக்குப் போகாமல் ஏமாற்றினார் என்று அங்கேயே கைது வேறு செய்தார்கள், மறுநாள்தான் விட்டார்கள். அப்புறம் அரசாங்கத்துக்கே வெட்கமாகி, எஸ்டுடியாண்டஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேரைச் சிறையில் போட்டது. போனவன் மீது இருக்கிற கோபம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதன்பிறகு ஐரோப்பிய சாம்பியன்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். அயாக்ஸ் வரவில்லை, பயர்ன் மியூனிக் வரவில்லை, லிவர்பூல் வரவில்லை. 1974-ன் கோப்பையை, ஐரோப்பிய சாம்பியனே ஆகாத அட்லெடிகோ மாட்ரிட் எடுத்துக்கொண்டு போனது. 1975, 1978 ஆண்டுகளில் போட்டியே நடக்கவில்லை.

காப்பாற்றியது ஜப்பான். டொயோட்டா நிறுவனத்தின் பணத்தில், டோக்கியோவில், பொதுவான மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் என்று மாற்றினார்கள். பழைய பதிவுகளைப் பார்த்தால் குளிர்காலத்தில் காய்ந்து மஞ்சளாகிப் போன புல்லும், நிற்காமல் ஊதும் ஊதுகுழல் சத்தமும் உடனே அடையாளம் காட்டிவிடும். சிறந்த ஆட்டக்காரருக்கு டொயோட்டா கார். அதற்கு அடையாளமாகப் பெரிய ஒரு சாவியைக் கையில் கொடுப்பார்கள். டோக்கியோவில் நண்பகல் என்றால் பிரேசிலில் நள்ளிரவு. ஊரே தூங்காமல் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள் அவை. 1981-ல் ஜிகோ ஆடிய பிரேசிலின் ஃபிளமெங்கோ, இங்கிலாந்தின் லிவர்பூலை முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டு முடித்தது. அந்த டிசம்பரைப் பற்றி ஃபிளமெங்கோ ரசிகர்கள் இன்றும் மைதானத்தில் பாடுகிறார்கள்.

2004 வரை நடந்த 43 கோப்பைகளில் தென் அமெரிக்கா 22, ஐரோப்பா 21. கிட்டத்தட்ட சரிசமம். பிறகுதான் தராசு சாய்ந்தது.

காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை: 1995 டிசம்பரில் வந்த போஸ்மான் தீர்ப்பு. அதுவரை ஐரோப்பிய கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எண்ணித்தான் இறக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவர்களை வெளிநாட்டவராகக் கணக்கிடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும், மிச்ச இடங்களெல்லாம் தென் அமெரிக்கர்களுக்குக் காலியாகின. தாத்தா இத்தாலி, பாட்டி ஸ்பெயின் என்று பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு அந்த இடமும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சிப் பணமும் அதே காலத்தில் ஐரோப்பாவில் கொட்ட ஆரம்பித்தது. 2000-ல் டோக்கியோவில் ஆறு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்து ரியல் மாட்ரிடை வீழ்த்திய, அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்பின் மார்ட்டின் பலெர்மோ, சில மாதங்களுக்குள் ஸ்பெயினின் வில்லாரியலில் இருந்தார். ஜெயித்தால்கூடக் கையில் நிற்காது.

எல்லாக் கண்டங்களின் சாம்பியன்களையும் சேர்த்து ஃபிஃபா நடத்திய போட்டி 2000-ல் ஒருமுறை நடந்து, 2005-லிருந்து ஆண்டுதோறும் வந்தது. 2023 வரையிலான இருபது கோப்பைகளில் ஐரோப்பாவுக்கு 16, பிரேசிலுக்கு நான்கு. கடைசியாக ஜெயித்த தென் அமெரிக்க அணி 2012-ன் கொரிந்தியன்ஸ். பல்லாயிரம் ரசிகர்கள் பிரேசிலிலிருந்து ஜப்பானுக்கே போய்விட்டார்கள். இங்கிலாந்தின் செல்சிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் காசியோ தடுத்தவற்றைப் பார்த்துவிட்டுத்தான், கெரேரோ தலையால் முட்டிய அந்த ஒற்றை கோலைப் பார்க்க வேண்டும். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது கோல்கீப்பருக்குப் போனதிலேயே ஆட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். மறுபக்கம், 2019-ல் லிவர்பூல் இந்தப் போட்டிக்காக கத்தாரில் இருந்தபோது, இங்கிலாந்தில் லீக் கோப்பைக் காலிறுதிக்குச் சிறுவர்களை அனுப்பி ஆஸ்டன் வில்லாவிடம் 5-0 தோற்றது. அந்த நேரத்தில் இங்கிலாந்தில் பேசியதெல்லாம் ஆட்ட அட்டவணையின் நெருக்கடியைப் பற்றித்தான். இறுதியில் ஃபிளமெங்கோவுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தது யார்? பிரேசிலின் ஃபிர்மினோ.

இதற்குள் உள்ளூர்க் கேலியும் சேர்ந்துகொள்கிறது. பிரேசிலின் பால்மெய்ராஸுக்கு உலகப் பட்டம் கிடையாது என்று எதிரணி ரசிகர்கள் பாடியே கொல்கிறார்கள். அவர்களோ 1951-ல் ஜுவெண்டஸை வென்று எடுத்த ரியோ கோப்பையைக் காட்டி, "அது என்னவாம்?" என்கிறார்கள். இந்த வாய்த்தகராறு தீரவே தீராது, தீரவும் வேண்டாம்.

2025-ல் அமெரிக்காவில் 32 அணிகளோடு நடந்த புதிய கிளப் உலகக் கோப்பையைப் பார்த்தவர்கள் இதை நேரிலேயே உணர்ந்திருப்பார்கள். ஐரோப்பிய சாம்பியனான பாரிஸின் பிஎஸ்ஜியை பிரேசிலின் பொட்டாஃபோகோ 1-0 என்று வென்றது. செல்சியை ஃபிளமெங்கோ 3-1 என்று வென்றது. நான்கு பிரேசில் அணிகளும் குழுச் சுற்றைத் தாண்டின. ஐரோப்பியர்கள் நீண்ட சீசன் முடிந்து களைத்து வந்தார்கள், வெயில் வேறு என்பதெல்லாம் உண்மைதான். பழைய போட்டி டிசம்பரில் நடந்தபோது சீசன் முடிந்து களைத்து வந்தது பிரேசில்காரர்கள். அப்போது யாரும் அதைப் பேசவில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது காலிறுதி. பால்மெய்ராஸும் செல்சியும். பால்மெய்ராஸுக்கு 18 வயது எஸ்டெவாவோ ஆடுகிறார். அவரை செல்சி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இந்தப் போட்டி முடிந்ததும் லண்டனுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவர், கோணமே இல்லாத இடத்திலிருந்து, தன் வருங்கால முதலாளியின் வலையில் பந்தை அடித்து ஏற்றினார். செல்சி ரசிகர்கள் வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் செல்சி 2-1 என்று ஜெயித்தது. அரையிறுதியில் ஃப்ளுமினென்ஸுக்கு எதிராக செல்சிக்கு இரண்டு கோலையும் அடித்தது ஜோவாவோ பெட்ரோ; ஃப்ளுமினென்ஸ் வளர்த்த பையன். கோல் அடித்துவிட்டுக் கொண்டாடாமல் நின்றார்.

"டிசம்பர் போட்டி நின்றுவிட்டதா?" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை, பழைய இன்டர்கான்டினென்டல் பெயரிலேயே 2024 முதல் திரும்ப நடக்கிறது. ஐரோப்பிய சாம்பியனுக்கு நேராக இறுதி ஆட்டம், மற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதிவிட்டு வர வேண்டும். 2024-ல் பொட்டாஃபோகோ நவம்பர் 30-ல் தென் அமெரிக்கக் கோப்பை, டிசம்பர் 8-ல் பிரேசில் லீக் இரண்டையும் வென்று, விமானம் ஏறி தோஹாவில் இறங்கி, 11-ஆம் தேதி மெக்சிகோவின் பச்சுகாவிடம் 3-0 என்று தோற்றது. ரியல் மாட்ரிட் ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் கோப்பையைத் தூக்கியது. நியாயமே இல்லாத ஏற்பாடு இது. பொட்டாஃபோகோ ரசிகர் எவரும் இதைவிட மென்மையாகச் சொல்ல மாட்டார்.